நடு முடிச்சு

தீட்டு எப்ப நின்னுச்சுன்னு கேக்குறாக்கா அந்தப் பொண்ணு. பல்லு டாக்டரு. நான் வாயத் தொறந்துக்கினு மல்லாக்கப் படுத்துக்கினு இருக்கிறேன், மூஞ்சி மேல லைட்டு எரியுது, வாய்க்குள்ள ஒரு கம்பி, ஒரு கண்ணாடி, எச்சி உறியற கொழா ஒண்ணு... பக்கத்துல எம் புள்ள வசந்து ஸ்டூலு போட்டு உக்காந்துக்கினு இருக்கிறான். அப்ப கேக்குறா. "ஆண்ட்டி, உங்களுக்கு பீரியட்ஸ் நின்னு எவ்ளோ நாள் ஆச்சு?" பல்லு பாக்க வந்தவகிட்ட கேக்குற கேள்வியாக்கா அது.

நீ பேச வேணா. பேசுன்னு சொல்ல நான் வரல. ஆடிலேருந்து கார்த்திக வரிக்கும் நாலு மாசம் என் மூஞ்சப் பாக்காதவ, நான் பஸ்ஸேறி செவிலிமேட்டுக்கு வந்துட்டேன்னு பேசிடுவியா. நீ பாட்டுக்கு பொடவைக்கு குஞ்சம் கட்டு, நான் பாட்டுக்கு சொல்லிட்டுப் போறேன். கதவத் தொறந்தியே, அதுவே போதும். தொறக்கலன்னா ஜன்னலு கிட்ட நின்னுக்கினு சொல்லியிருப்பேன், அது வேற விசயம்.

ஆங். கேக்குறாளா. வாய்க்குள்ள அத்தினி சாமானு இருக்குது, நான் என்னா பதில் சொல்றது. ஆ ஆன்னுதான் சொல்ல முடியும். வசந்து இருக்கிறானே, போன எடுத்து பாக்குறான். தலகீழா புடிச்சிக்கினு பாக்குறான்கா, நெஜமா. ஒரகடத்துல கம்பெனில நாப்பது பேர மேய்க்கிறவன், காது ரெண்டும் செவந்து போச்சு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒரு கூச்சமும் இல்ல. தேவிப்ரியான்னு பேரு, மிஞ்சிப் போனா இருவத்தெட்டு இருக்கும். எனக்குப் புரியலன்னு நெனச்சிக்கினு கம்பிய வெளிய எடுத்துட்டு மறுபடியும் கேக்குது, இந்த வாட்டி நல்ல தமிழ்ல. "மாசா மாசம் வர்றது நின்னுடுச்சாம்மா?" சத்தமா. வெளிய பெஞ்சுல தாடையப் புடிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் தாடைய வுட்டுட்டு திரும்பிப் பாக்குறாங்க.

நான் சொன்னேன், பாப்பா, எனக்கு நோவு வாயில, மத்த எடத்துல ஒண்ணும் நோவில்லன்னு. அதுக்கு சிரிக்குது. சிரிச்சிட்டு, "ரெண்டுத்துக்கும் சம்பந்தம் இருக்குதும்மா"ங்குது. என்னா சம்பந்தம் இருக்கும், நீயே சொல்லு. சரி, நீ சொல்ல மாட்ட.

இது யாரு பொடவ, ஷரீஃப் பாய் கடையுதா. பச்ச நல்லாத்தான் இருக்குது. முதலாளி வூட்டு வேல நின்னப்புறம் இவருகிட்டதான் பொடவ வாங்கி குஞ்சம் கட்டுறன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனுசன். ஆனா நீ என்னாக்கா இந்தக் கரைலேருந்து அந்தக் கரை வரிக்கும் ஒத்தையா கட்டிக்கினு போற. முந்தானைய விரிச்சா ரெண்டு பேரு உக்கார்ற வேலக்கா இது. இந்தக் கரைல ஒருத்தி, அந்தக் கரைல ஒருத்தி, முந்திநூலப் பிரிச்சிப் பிரிச்சி முடிச்சி போட்டுக்கினே வந்து நடுவுல முட்டிக்கணும். கடைசி முடிச்சு நடுவுல வரும். அத ஒருத்தி புடிக்கணும், ஒருத்தி போடணும். பதினோரு வருசம் அப்பிடித்தான கட்டினோம். ஒத்தையா கட்டினா நடு முடிச்சுன்னு ஒண்ணு ஏது.

கொஞ்சம் நவுரு. இந்தக் கரைய நான் புடிச்சிக்கிறேன். மொறைக்காத, கைய கழுவிட்டுத்தான் வந்தேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியாதா. நீ உன் பக்கத்தக் கட்டு, என்னப் பாக்க வேணா, நூலப் பாரு.

எனக்கு போன சித்திரையில நின்னுதுக்கா. இந்த சித்திர இல்ல, அதுக்கு முன்ன. ஒண்ணற வருசம் ஆச்சு. யாருகிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு என்னா இருக்குது, விட்டுது சனின்னு இருந்தேன். அப்பால ஒடம்பு கொதிக்க ஆரம்பிச்சுது. கழுத்துலேருந்து கெளம்பி தலைக்கு ஏறும், ஜாக்கெட்டு நனஞ்சி போவும், அஞ்சு நிமிசம், அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எறங்கிடும். மார்கழி மாசம் நான் ஃபேன போடுறேன், எங்க வூட்டுக்காரரு போர்வய தலை மேல இழுத்துக்கினு கெடக்குறாரு. கிறுக்கு புடிச்சிச்சாங்குறாரு. வசந்து, கரண்டு பில்லு எதுக்கும்மா இவ்ளோ வருதுன்னு கேக்குறான். நான் என்னத்த சொல்றது, அப்பாவுக்கு வேர்க்குதுன்னு சொல்லிட்டேன்.

உனக்கு வந்துச்சே, அஞ்சு வருசம் முன்ன. முந்தி பாதி கட்டிக்கினு இருக்கும்போதே எழுந்து போய் மூஞ்சி கழுவிக்கினு வருவ. முந்தானையால விசிறிக்குவ. நான் என்னா பண்ணேன், ஜெயம்மாக்காவுக்கு உள்ள அடுப்பு எரியுதுன்னு சிரிச்சேன். தெருவுக்கே சொல்லி சிரிச்சேன். உன் கடவாப்பல்லு ரெண்டு ஆடி ஆடி வுழுந்துச்சே, அப்பவும் வெத்தல போட்டா அப்பிடித்தான் ஆவும்னு உனக்கே புத்தி சொன்னேன். எனக்கு வந்தப்ப உன்னத்தான் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா நானும் கெழவி ஆயிட்டேன்னு நீ தெரிஞ்சிக்குவியேன்னு கேக்கல. எனக்கும் உனக்கும் நாலு வருசம்தான் வித்தியாசம், அத நான் பதினாலா வெச்சிருந்தேன்.

வாயப் பத்தி கேக்கவே வேணா. காலைல எழுந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு இருக்கும். எச்சியே ஊறாது. சாம்பாருல காரம் பட்டா ஈறு தீயா எரியும். துப்பினா செவப்பு. சரி, கெட்ட ரத்தம் போவுதுன்னு, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு வெரலால தேச்சேன். இன்னும் வந்துச்சு. இன்னும் கெட்ட ரத்தம் இருக்குதுன்னு இன்னும் அழுத்தித் தேச்சேன். நல்லெண்ண கொப்புளிச்சேன். கிராம்பு தைலம் தடவுனேன். வாயே விறகடுப்பு மாதிரி நாறிக்கினு இருந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட இதெல்லாம் சொல்றேன், அது எழுதிக்கினே வருது, எழுதிக்கினே வந்து பேனாவ மூடிட்டு சொல்லுது: "அம்மா, வியாதி பாதி பண்ணுச்சு, மீதிய நீங்க பண்ணியிருக்கீங்க."

எப்பிடி இருக்குது பாரு. படிச்ச புள்ளைங்களுக்கு வாயி நீளம்.

ஆனா பொறுமையா சொன்னாக்கா, அத ஒத்துக்கணும். மாசா மாசம் வர்றது நின்னா ஒடம்புல ஹார்மோன்னு ஒண்ணு இருக்குதாம், அது கொறஞ்சி போவுமாம். அது கொறஞ்சா எலும்பு மட்டும் இல்ல, ஈறும் மெலியுமாம். தறில கஞ்சி போடாத பாவு நூலு எப்பிடி பிசிறு பிசிறா நிக்கும், அப்பிடி ஆயிடும்னு நான் புரிஞ்சிக்கினேன். எச்சியும் கம்மியாவும். எச்சி இருந்தாத்தான் வாயி தன்னால கழுவிக்கும், இல்லன்னா பல்லு இடுக்குல காரை கட்டிக்கும். காரை கட்டின எடத்துல தொட்டா ரத்தம். இப்பிடியே வுட்டா பல்லு ஆட ஆரம்பிக்கும். உன் கடவாப்பல்லு ஆடுச்சே, அந்தக் கத. வெத்தல மட்டும் இல்லக்கா அதுக்கு காரணம். கேக்குறியா, வெத்தல மட்டும் இல்லன்னு சொல்றேன். சக்கரையும் டெஸ்ட் பண்ணணுமாம். மெத்துனு இருக்கிற பிரஷ்ஷு வாங்கணுமாம், அழுத்தக் கூடாதாம், ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து காரைய எடுத்துக்கணுமாம். எடுத்தா. கிர்ர்ருன்னு ஒரு மிஷினு. சுவத்த சொரண்டுற மாதிரி மண்டைக்குள்ள கேக்குது.

அப்பால முன்பல்லக் காட்டி, "இது என்னம்மா, இங்க மட்டும் பள்ளமா இருக்குது?"ன்னு கேட்டா. நூலு கடிக்கிற பள்ளம்னேன். அவளுக்குப் புரியல. வசந்துதான் சொன்னான். எங்கம்மா பட்டுப் பொடவைக்கு குஞ்சம் கட்டுவாங்க, முடிச்ச பல்லால இழுத்து இறுக்குவாங்க, மிச்ச நூல பல்லாலயே கடிச்சி துப்புவாங்கன்னு. உனக்கும் அதே எடத்துல பள்ளம் இருக்குது, எனக்குத் தெரியும். ரெண்டு கையும் நூலுல இருக்குது, பல்லுதான் நமக்கு மூணாவது கை. கத்திரிய எடுத்து, வெட்டி, கீழ வெச்சி, திரும்ப எடுக்கிறதுக்குள்ள ரெண்டு முடிச்சு போட்டுறலாமே. அது சொல்லுச்சு, "இனிமே நூலு கடிக்காதீங்க. இந்த ஈறுல நூலு பட்டா அறுக்கும். நூலுலயும் ரத்தம் ஒட்டும்."

நூலுலயும் ரத்தம் ஒட்டும்னு சொன்னா. அது பாட்டுக்கு சொல்லிட்டுப் போயிடுச்சு. எனக்கு அப்பத்தான் அந்த சந்தனக் கலரு பொடவ ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான்கா. சத்தியமா... சத்தியம் எதுக்கு இப்ப. அப்பத்தான்னு வெச்சிக்கோ.

நீ ஏன் கைய நிறுத்திட்ட. கட்டு கட்டு. நான் உன்ன முந்திடுவேன், பாரு, இதுக்குள்ள கால்வாசி வந்துட்டேன்.

அன்னிக்கி நடந்தத நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு சாத்துறதுக்குன்னு வேண்டிக்கினு நெய்யக் குடுத்த பொடவ. ஒடம்பும் முந்தியும் சந்தனக் கலரு, கரை மட்டும் அரக்கு. நீயும் நானும் எங்க வூட்ல உக்காந்து கட்டி மடிச்சிக் குடுத்தோம். மறுநாளு முதலாளி மாணிக்கவேலு நம்ப ரெண்டு பேரயும் கூப்புட்டு அனுப்பிச்சாரு. போனா, கூடத்துல பாய் மேல பொடவ விரிச்சிருக்குது. வேண்டிக்கினவங்க குடும்பத்தோட நிக்கிறாங்க. கணக்குப்புள்ள நிக்கிறாரு, நெசவாளுங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. நடு முடிச்சுல செவப்பா ஒரு பொட்டு. உளுத்தம்பருப்பு அளவுதான். நடுவுலதான் ரெண்டு பேரு கையும் முட்டிக்குமே, யாருதுன்னு யாரு கண்டா. ஓரத்துல இருந்திருந்தா அந்தக் கரைக்காரின்னு சொல்லிடலாம். "மணியம்மா, என்னா இது?"ன்னு முதலாளி என்னத்தான் கேட்டாரு. நான் என்னா சொன்னேன்? நீதான்னு சொன்னேனா? சொல்லவே இல்ல. "ஜெயம்மாக்கா வெத்தல போடுவாங்க"ன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அதுல எந்த வார்த்தக்கா பொய்யி. நீ வெத்தல போடுறவதான.

எல்லாரும் உன்னத் திரும்பிப் பாத்தாங்க. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், நான் இல்லன்னு. சொல்லல. என்னப் பாத்த. என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்த, அப்பறம் பைய எடுத்துக்கினு படியெறங்கிப் போயிட்ட. பேசாம போனா ஒத்துக்கினு போன மாதிரிதான மத்தவங்களுக்குப் படும். சாமி பொடவைல எச்சிய துப்பினவன்னு பேரு வந்துடுச்சு. அவரு உனக்கு வேலய நிறுத்திட்டாரு. அதுக்கெல்லாம் நானா பொறுப்பு. நீ போனப்புறம் யார் யாரையோ எனக்கு ஜோடி போட்டாரு. ஒருத்தி போன்லயே பேசிக்கினு இருப்பா, ஒருத்தி முடிச்சு போட்டா குஞ்சம் எலிவாலு மாதிரி தொங்கும். ஒருத்தி கூடவும் நடு முடிச்சு நேரா வரல எனக்கு.

தண்ணி இருந்தா கொஞ்சம் குடு. வேணா, நானே எடுத்துக்கிறேன், தோ இந்த சொம்புல இருக்குதே. உன் வெத்தலப் பொட்டிக்குப் பக்கத்துலதான எப்பவும் சொம்பு வெப்ப... எங்க அது. பித்தளப் பொட்டி. நீ எங்க உக்காந்தாலும் கைக்கு எட்டுற எடத்துல இருக்குமே. அலமாரி மேல கவுத்து வெச்சிருக்குது. ஏன்.

உன் வாயக் காட்டு. ஒதடு வெளுத்துப் போயி இருக்குது. வந்ததுலேருந்து பாக்குறேன், ஏதோ கொறையுது கொறையுதுன்னு இருந்துச்சு, அதுதானா. விட்டுட்டியா? எப்பலேருந்து?

நாலு வெரலக் காட்டுற. நாலு மாசமா.

முட்டி ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட நர்சுக்குத் தெரியாம தலகாணிக்கு அடில வெத்தல வெச்சிருந்தவ நீ. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். பொண்ணு கெஞ்சியும் வுடல, மருமகன் சொல்லியும் வுடல. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு வுட்டுட்டியா.

...சரிக்கா.

சரி. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னேனே, அது பொய்யி. அன்னிக்கே தெரியும். கட்டினப்பவே தெரியும். நடு முடிச்ச நீ புடிச்சிக்கினு இருந்த, நான் போட்டு பல்லால இழுத்தேன். வாயில உப்பு கரிச்சுது. நூல வெளிய எடுத்துப் பாத்தா செவப்பு. நீ அப்பத்தான் துப்பறதுக்குன்னு எழுந்து கொல்லப்பக்கம் போன. நான் அந்த நூல மடிச்சி முடிச்சுக்குள்ள சொருவிட்டேன். வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். பட்டு நூலு, வழுக்கிக்கினு வந்துடுச்சு.

ஏன் சொல்லலன்னு கேளு. நீ கேக்க மாட்ட, நானே சொல்றேன். சிரிக்கக் கூடாது. கீழ நின்னுபோன ரத்தம் மேல ஏறி வாய் வழியா வருதுன்னு நெனச்சிட்டேன்கா. முப்பத்தஞ்சு வருசம் மாசா மாசம் போனது திடீர்னு நின்னா எங்க போவும்? எங்க ஊரு முசரவாக்கத்துல மடைய அடச்சா தண்ணி வரப்ப ஒடச்சிக்கினு பக்கத்து வயலுக்குப் போயிடும். அப்பிடித்தான் இதுவும்னு நெனச்சேன். சாப்பிடும்போதுகூட நெனச்சிக்கினே சாப்பிட்டேன். அப்பன்னா வாயில வர்றதும் தீட்டுதான? அந்த நாள்ல சாமி பொடவயத் தொடக் கூடாதுன்னு நம்ப ரெண்டு பேருக்குள்ள ஒரு மொற வெச்சிருந்தோமே. எனக்குன்னா நீ கட்டுவ, உனக்குன்னா நான் கட்டுவேன். ஒரு வாட்டிகூட நான் தவறினதில்ல. அப்பிடிப்பட்டவ, எல்லாம் நின்னப்புறம், இனிமே எந்த பயமும் இல்லன்னு நெனச்சி அம்மன் பொடவயத் தொட்டு, வாயால தீட்ட வெச்சிட்டேன்.

அத அத்தினி பேரு முன்னாடி எப்பிடிச் சொல்றது, நீயே சொல்லு. வெத்தல எச்சின்னா திட்டுவாங்க, துணிய அலசுவாங்க, போயிடும். தீட்டுன்னா? அதான் ஒரு கணக்கு போட்டேன். உனக்கு ஒரு திட்டோட போயிடும்னு. உன் வேலைய நிறுத்துவாருன்னு நான் நெனைக்கல. ...கொஞ்சம் நெனச்சேன். நெனச்சும் வாய மூடிக்கினு இருந்தேன். நாலு மாசமா கோயில் பக்கமே நான் போவலக்கா. மார்க்கெட்டுக்குப் போணும்னாகூட அந்த வழியா போவாம சுத்திக்கினு போவேன். பண்டிக நாள்ல வூட்ல வெளக்கு ஏத்துறதுக்கும் கை வராது, வசந்த ஏத்தச் சொல்வேன். அம்மா மாறிட்டாங்கன்னு அவன் நெனச்சிக்கினு இருக்கிறான்.

அந்தப் பொண்ணு தேவிப்ரியாகிட்ட கேட்டேன். வசந்த வெளிய அனுப்பிட்டுக் கேட்டேன். பாப்பா, கீழ நின்னது மேல வருமான்னு. எல்லாத்துக்கும் சிரிச்ச பொண்ணு இதுக்கு சிரிக்கல. கையில மாட்டியிருந்த உறைய கழட்டி வெச்சிட்டு என் கையப் புடிச்சிக்கினு சொல்லுச்சு. "இல்லம்மா. அது வேற, இது வேற. வெரல்ல ஊசி குத்தினா வருதே, அந்த ரத்தம்தான் இது. வெறும் ஈறு ரத்தம்." வெறும் ஈறு ரத்தம்கா. எனக்கு அழுக வந்துடுச்சு. வலிக்குதுன்னு நெனச்சி அது ஊசி போட்டுடுச்சு. பாதி மூஞ்சி மரத்துப் போச்சு, அழுவறதுகூட ஒரு பக்கமாத்தான் வருது. இன்னும்கூட இந்த ஒதடு எங்க இருக்குதுன்னு தெரியல.

எங்கக்கா எழுந்திரிச்சிட்ட. எங்க போற. உள்ள போயிட்டா எப்பிடி, நான் இன்னும் முடிக்கல. சரி போ. நான் இங்கிருந்தே சத்தமா சொல்றேன், உன் மருமகனும் கேக்கட்டும், எதுத்த வூட்டுக்காரங்களும் கேக்கட்டும். இன்னிக்கி ஏற்கெனவே நெறைய பேரு கேட்டுட்டாங்க.

டாக்டரு கிட்டேருந்து நேரா இங்க வரல நானு. கேக்குதா? முதலாளி வூட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். கணக்குப்புள்ள சாப்பிடப் போயிருந்தாரு, அவரு வர வரிக்கும் உக்காந்துக்கினு இருந்தேன். நெசவாளுங்க ரெண்டு பேரையும் கூப்புட வெச்சேன். அன்னிக்கி நின்னவங்க எல்லாம் நிக்கணும் எனக்கு. வேண்டிக்கினவங்கதான் இல்ல, அவங்களுக்கு போன் போட்டுச் சொல்லுங்கன்னேன். அப்பறம் சொன்னேன். ஜெயம்மாக்கா இல்ல, நான்தான். வெத்தல எச்சி இல்ல, என் ஈறு ரத்தம். எனக்கு தீட்டு நின்னுபோச்சு, அதுல ஈறு மெலிஞ்சி போச்சுன்னு. முதலாளி காலண்டரப் பாக்குறாரு. கணக்குப்புள்ள நோட்ட தொறந்து மூடுறாரு. நான் வாயத் தொறந்து காமிச்சேன், பாருங்க, இங்கதான்னு. பாதி வாயி மரத்து கெடக்குதா, எச்சி வேற ஒழுவுது. "பரவால்லம்மா, மூடு, மூடு"ங்குறாரு. ஜெயம்மாவ நாளைக்கி வரச் சொல்லுன்னாரு. நான் சொல்ல மாட்டேன், நீங்க போயிக் கூப்புடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கி வருவாரு. வரலன்னா நான் மறுபடியும் போயி வாயத் தொறப்பேன்.

இன்னொண்ணு கேளு. நான் தெருமுனைக்கு வரேன், பின்னாலயே அவரு சம்சாரம் அகிலா ஓடியாருது, காலுல செருப்புகூட இல்ல. "மணியம்மா, எனக்கும் துப்பினா வருது, யாருகிட்டயும் சொல்லல, அந்த டாக்டரு எங்க உக்கார்றாங்க"ங்குது. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த மாடின்னு சொன்னேன். வூட்டு ஆம்பளயக் கூட கூட்டிக்கினு போவாத, அந்தப் பொண்ணு சத்தமா கேக்கும்னும் சொன்னேன்.

வந்துட்டியா. ரெண்டு பக்கமும் நடுவுக்கு வந்தாச்சு, பாரு, உன் பக்கம் ஒரு முடிச்சு பாக்கி, நானே போட்டுட்டேன். இனிமே நடு முடிச்சு மட்டும்தான். இரு, இந்த மிச்ச நூல... ஆமா, பல்லுல வெச்சிட்டேன். பழக்கம்கா. மரத்துப் போன வாயி, வெச்சதே தெரியல. தோ, எடுத்துட்டேன். கையத் தட்டி வுடாத.

என்னா இது. கத்திரியா. இத எடுக்கத்தான் உள்ள போனியா.

...என்னா சொன்ன?

திரும்பச் சொல்லு. அன்னிக்கே பாத்தியா? எத? என் பல்லுல ரத்தத்தயா? முடிச்ச இழுத்தப்பவே பாத்தியா? அப்ப நீ எழுந்து கொல்லப்பக்கம் போனது... துப்பறதுக்குப் போவலயா. நான் தொடச்சிக்கட்டும்னா போன.

அப்ப முதலாளி வூட்ல ஏங்கா சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

ஆம்பளைங்க இருந்தாங்க. ஆம்பளைங்க இருந்தாங்கன்னு. என் ஒடம்பு சமாச்சாரம், நானே சொல்லட்டும்னு. அதுக்குத்தான் என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னியா.

இருக்கா. நூலு ரெண்டு ரெண்டா தெரியுது எனக்கு. மூஞ்சி எரியுது. ஒடம்பு கொதிக்கிறது இல்ல, எனக்கு அது நல்லாத் தெரியும், அது வேற, இது வேற. வெக்கமா இருக்குதுக்கா. உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்குது.

புடி. நடு முடிச்சப் புடி, நான் போடுறேன். நல்லா இறுக்கிப் புடி, பல்லு இல்லாம எனக்கு இறுக்க வராது. ஆங், அப்பிடித்தான். கத்திரியக் குடு.

என்னாக்கா கத்திரி இது. நூல வெட்டாம மெல்லுது. இந்தப் பக்கம் சாண புடிக்கிறவன் யாரும் வர்றதில்லயா. இத வெச்சிக்கினு நாலு மாசம் ஒத்தையா எப்பிடிக்கா கட்டின.